பானெட்டில் விழுந்த ஒடுக்கு

என்னை இடித்த காரை நான் நிதானமாகப் பார்த்தது நான்காம் நாள்தான். ஊன்றுகோலோடு போயிருந்தேன். பழைய வெள்ளைக் கார், நான்கு கதவு, தாழ்ந்த மூக்கு. பம்பரில் லேசான கீறலைத் தவிர ஒன்றும் இல்லை. பானெட்டில் மட்டும், வைப்பருக்கு ஒரு முழம் முன்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல் ஆழம்.

காரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார். நல்ல மனிதர். அன்று என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவரும் அவர்தான். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சாலும் பழைய மாதிரி வராது சார்" என்றார். சொன்ன பிறகு வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அது என் தலையும் இடது தோளும் சேர்ந்து போட்ட பள்ளம். தகடு உள்ளே போனதால் மண்டை உள்ளே போகவில்லை. அதைத் தட்டி நிமிர்த்துவது நன்றிகெட்ட வேலை என்று தோன்றியது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். 'வி ஸ்கொயர் ஈக்வல் டு யூ ஸ்கொயர் பிளஸ் டூ ஏஎஸ்' என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன். அதில் 'எஸ்' என்றால் தூரம். அந்த 'எஸ்' இரண்டு விரல் ஆழத்துக்கு என் கண்ணெதிரே கிடந்தது அன்றுதான். முழங்காலில் கட்டோடு படுத்திருந்த மாதங்களில் அந்த ஒடுக்கைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் பேச்சில் 'காரை ஏற்றிவிட்டான்' என்கிறோம். தாழ்ந்த முகப்புள்ள கார் நேராக மோதும்போது நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கார் நம் மேல் ஏறுவதில்லை, நாம்தான் கார் மேல் ஏறுகிறோம். பம்பர் முதலில் முழங்காலை அடிக்கிறது. கால் காரோடு போகிறது, மேலுடம்பு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் உடம்பு இடுப்புக்குக் கீழே மடங்கி பானெட்டின் மேல் சாய்கிறது. தொடையும் இடுப்பும் பானெட்டின் முன்விளிம்பில் படுகின்றன. பிறகு தோள், கடைசியாகத் தலை. 40 கிலோமீட்டர் வேகத்தில் முதல் தொடுதலிலிருந்து தலை படும்வரை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். ஏறக்குறைய ஒருமுறை கண் இமைக்க ஆகும் நேரம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஒரு தகரச் சத்தம் மட்டும்.

அதன் பிறகு இன்னொன்று நடக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், கார் வேகம் குறைகிறது, பானெட்டின் மேல் கிடப்பவர் வந்த வேகத்திலேயே முன்னால் வழுக்கித் தரையில் விழுகிறார். என் மணிக்கட்டு முறிந்தது அப்படித்தான், காரில் பட்டு அல்ல. இந்த இரண்டாம் அடியைக் காரின் வடிவத்தால் தடுப்பது மகா கடினம். 2016இல் கூகுள் நிறுவனம் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கியது: பானெட்டில் பசை. மோதியதும் மேலோடு உடைந்து உள்ளிருக்கும் பசை ஆளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கீழே விழமாட்டார். ஈ ஒட்டும் தாள்தான், ஆளுக்குத் தகுந்த அளவில். வாசித்துவிட்டு வலியோடு சிரித்தேன். ஆனால் பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர்தான் அதை யோசித்திருக்க முடியும்.

முழங்கால் என் சொந்த வலி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. சாலையைக் கடப்பவரைக் கார் அடிப்பதோ பெரும்பாலும் பக்கவாட்டில். பம்பர் மட்டும் முழங்காலுக்கு நேராக அடித்தால், பாதம் தரையில் ஊன்றி நிற்க, மூட்டு உள்ளே ஒடிந்து தசைநார் அறுந்துபோகும். இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. பம்பரின் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் மெத்தென்ற நுரைக்கட்டி வைத்தார்கள். அதற்குக் கீழே, கணுக்காலுக்குச் சற்று மேலே படும்படி, இரண்டாவதாக ஒரு தாங்கியும் வைத்தார்கள். மேலும் கீழும் ஒரே சமயத்தில் தள்ளினால் கால் முழுதாக, நேராக, தரையிலிருந்து பெயர்ந்துவிடும். அதாவது கார் நம் காலை வாரிவிட வேண்டும். காலை வாரிவிடுவது நல்ல காரியமாகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 2008இல் ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் உருவான உலகளாவிய வாகன விதி எண் 9, சோதனைக் காலின் முழங்கால் பக்கவாட்டில் 19 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்று வரையறுத்தது. என்னை இடித்த கார் அந்த யோசனையெல்லாம் வருவதற்கு முந்தையது.

காலுக்கு இவ்வளவு. கால் ஆளை நொண்டியாக்கும், கொல்வது பெரும்பாலும் தலையில் படும் அடி. அதனால் பொறியியலின் பெரும்பகுதி பானெட்டில்தான் நடக்கிறது.

இங்கே என் கரும்பலகைக் கணக்கு வருகிறது. தலை ஒரு வேகத்தில் வருகிறது, பானெட்டில் பட்டு நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. புவியீர்ப்பைப் போல 80 மடங்கு என்ற சீரான விகிதத்தில் வேகம் குறைவதாக வைத்துக்கொள்வோம். தலை கொஞ்ச நேரத்துக்குத் தாங்கக்கூடியதில் அது மேல்பக்கம்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்த தலை நிற்க 3 சென்டிமீட்டர் போதும். என் இரண்டு விரல். 40 என்றால் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர். 50 என்றால் 12. 60 என்றால் 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நிஜத்தில் எந்தத் தகடும் இப்படிச் சீராக மடங்காது, அதனால் இன்னும் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும்.

இப்போது ஏதாவது ஒரு காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். தகட்டுக்கும் அதன் கீழிருக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு காலியிடம் இருக்கிறது? எஞ்சினின் தலை, பேட்டரி, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை, பிரேக் எண்ணெய் டப்பா, எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். தகடு மெலிதாக இருந்து பயனில்லை. இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போனதும் எஞ்சினில் முட்டினால் தலை எஞ்சினில் முட்டியதற்குச் சமம். பானெட் என்பது ஒரு மெத்தை, மெத்தையின் கனம் முழுக்க அதன் கீழிருக்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்காக எஞ்சினைத் தாழ்த்த வேண்டும், அல்லது பானெட்டை உயர்த்த வேண்டும். இருபது ஆண்டுகளாக ஐரோப்பியக் கார்களின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தகட்டுக்குக் கீழே உள்தகடு ஒன்றும் உண்டு. அதில் வழக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் ஓடும். சட்டத்தின் மேல் விழுந்த தலைக்கு ஒரு விதி, சட்டங்களுக்கு நடுவே விழுந்த தலைக்கு வேறு விதி. அதனால் சில நிறுவனங்கள் சட்டங்களை எடுத்துவிட்டு, முட்டை வைக்கும் அட்டை போலச் சின்னச் சின்னக் குமிழ்களால் உள்தகட்டை நிரப்பின. எங்கே விழுந்தாலும் ஒரே மாதிரி மடங்கும். இவ்வளவு செய்தும் சில இடங்கள் இளகுவதே இல்லை: பானெட்டின் கீல்கள், வைப்பரின் அச்சு, முன்கண்ணாடியின் இருபுறமும் நிற்கும் தூண்கள். அந்தத் தூண்கள்தான் கார் கவிழும்போது கூரையைத் தாங்கி உள்ளிருப்பவரைக் காப்பாற்றுகின்றன. வெளியிலிருப்பவரின் தலை அதே தூணில் பட்டால் அது இரும்புத் தூண்தான். உள்ளிருப்பவருக்கு வேண்டிய உறுதியும் வெளியிலிருப்பவருக்கு வேண்டிய இளக்கமும் ஒரே துண்டு இரும்பிடம் கேட்கப்படுகின்றன. அந்தப் பேரத்தில் நெடுங்காலம் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுப்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், மக்களுக்குச் சவாரி காட்டிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் வண்டி பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்ணை இடித்தது. பிரிட்டனில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர். ஓட்டியவர், மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் போனேன் என்றார். விசாரணை அதை விபத்து மரணம் என்று முடித்தது. அதற்குப் பிறகு காருக்குள் எத்தனையோ வந்தன. 1959இல் வால்வோ பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட், நசுங்கும் முன்பகுதி, காற்றுப்பை. எல்லாம் உள்ளே. வெளியே இருப்பவருக்கென்று 1970களில் செய்தது, கூரான துருத்தல்கள் கூடாது என்ற விதி. பானெட்டின் நுனியில் நிற்கும் சின்னங்கள் இப்போது தொட்டால் சாய்வதும் உள்ளே இறங்குவதும் அந்த வழியில் வந்தவைதான். மோதலையே அளந்து பார்க்கும் கட்டாய விதி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது. டிரிஸ்காலிலிருந்து எண்ணினால் நூறாண்டுக்கு மேல்.

அந்தச் சோதனையை விவரமாகப் படித்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. முழு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தி இடிப்பதில்லை. உடம்பைத் துண்டு துண்டாக்கி, தனித் தலையும் தனிக் காலுமாக நிற்கும் காரின் மேல் எறிகிறார்கள். குழந்தைத் தலை 3.5 கிலோ, பெரியவர் தலை 4.5 கிலோ. சட்டச் சோதனையில் தலையின் வேகம் 35 கிலோமீட்டர், ஐரோப்பாவில் புதுக் கார்களைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு எறிவது 40 கிலோமீட்டரில். எங்கே எறிவது என்று முடிவு செய்ய ஒரு டேப் போதும். பம்பருக்கு நேர் கீழே தரையில் தொடங்கி, முகப்பைத் தழுவி, பானெட்டின் மேலாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். விதி எண் 9இன்படி 1 மீட்டர் முதல் 1.7 மீட்டர் வரை குழந்தைகளின் பகுதி, அங்கிருந்து 2.1 மீட்டர் வரை பெரியவர்களின் பகுதி. தையற்காரர் நமக்கு அளவெடுப்பது போலக் காருக்கு நம் அளவை எடுக்கிறார்கள்.

தலைக்குள் இருக்கும் கருவி வேகக் குறைவைப் பதிவு செய்கிறது. அதை அடுக்கு 2.5க்கு உயர்த்தி, 15 மில்லிநொடிக்குள் மிக மோசமான பகுதியைக் கணக்கிட்டு, ஒரே எண்ணாகத் தருகிறார்கள். அந்த எண் பெரும்பாலான பரப்பில் 1000ஐத் தாண்டக் கூடாது, மிச்ச இடங்களில் 1700. மேலே நான் போட்ட 40 கிலோமீட்டர், 8 சென்டிமீட்டர் கணக்குக்கு இந்த எண் 800ஐ ஒட்டி வருகிறது. வகுப்பில் இதைச் செய்து காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "அந்த மிச்ச இடத்துல விழறவங்க என்ன பண்ணுவாங்க சார்?" என்றான். அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன்.

யூரோ என்கேப் 1997இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோதே பாதசாரிச் சோதனையும் அதில் இருந்தது. பல கார்கள் தலைகுனிந்தன. ஆனால் அந்த மதிப்பெண் தனியாக ஓரத்தில் இருந்தது, வாங்குபவர் கண்டுகொள்ளவில்லை. 2009இல் அதை ஒட்டுமொத்த நட்சத்திரத்தோடு சேர்த்துவிட்டார்கள். வெளியே நிற்பவரைக் காக்கத் தவறினால் உள்ளே இருப்பவரின் ஐந்து நட்சத்திரமும் போய்விடும். இதைவிடச் சாமர்த்தியமான காரியம் இந்தத் துறையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. கருணையைக் கேட்கவில்லை, விளம்பரத்தில் கை வைத்தார்கள்.

நெருக்கடி வந்ததும் மூளை வேலை செய்தது. வெற்றிடம் இல்லையா, மோதும் கணத்தில் உண்டாக்கிக்கொள்ளலாம். பம்பரில் உள்ள உணரி, அடித்தது ஆளின் கால் என்று கண்டுகொண்டதும் சின்ன வெடி ஒன்று வெடித்து பானெட்டின் பின்பக்கத்தைச் சுமார் 10 சென்டிமீட்டர் தூக்கிவிடும். தலை வந்து சேர்வதற்குள் மெத்தை தயார். 2005இல் சிட்ரோயன் சி6 இப்படித் தூக்கும் பானெட்டோடு பாதசாரிச் சோதனையில் முதன்முதலாக நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2012இல் வால்வோ வி40 இன்னும் ஒரு படி போய், காருக்கு வெளியே காற்றுப்பை வைத்தது. பானெட் உயர, அதன் அடியிலிருந்து பை விரிந்து வைப்பர் பகுதியையும் கண்ணாடித் தூண்களின் அடியையும் மூடிக்கொள்ளும். உலகில் அதுதான் முதல். மற்ற நிறுவனங்கள் வரிசையில் வந்து பின்பற்றியிருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வந்தன. வெடித்த பையை மாற்றும் செலவு காரின் சொந்தக்காரருடையது, காப்பாற்றப்பட்டவர் முன்பின் தெரியாதவர். விற்பனையாளர் இதை எப்படிச் சொல்லி விற்பார்?

தானாக பிரேக் போடும் வசதியைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல விஷயம்தான். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வசதியுள்ள வண்டிகள் பாதசாரிகளை இடிப்பது 27 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் வித்தியாசமே இல்லை. இடிப்பதற்கு முன் வேகம் கொஞ்சம் குறைந்தாலும், மேலே சொன்ன சென்டிமீட்டர் கணக்கில் அது பெரிய லாபம். 50இல் இருந்து 40க்கு வந்தால் 12 சென்டிமீட்டர் 8 ஆகிறது. அதற்காக பானெட்டை மறந்துவிட முடியாது.

நான் சொல்ல வந்த வருத்தம் வேறு. இத்தனை ஆண்டுகளில் சட்டமும் சோதனையும் சேர்ந்து சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பெற்றுத் தந்ததை, ஒரு மோஸ்தர் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது. உயரமான, சுவர் மாதிரி செங்குத்தான முகப்பு. அதன் முன்னால் நான் விவரித்த நிகழ்ச்சி வரிசை நடக்காது. அடி முழங்காலில் விழுவதில்லை, இடுப்புக்கு மேலே, நெஞ்சில் விழுகிறது. உடம்பு பானெட்டின் மேல் சாய இடமில்லை, முன்னால் தரையில் தள்ளப்படுகிறது. அப்போதுதான் 'ஏற்றிவிட்டான்' என்ற சொல் நிஜமாகவே பொருந்துகிறது. அதே ஆய்வு நிறுவனம் 2023இல் ஏறக்குறைய 18,000 மோதல்களை ஆராய்ந்தது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 102 சென்டிமீட்டருக்கு, மேல் இருக்கும் வண்டிகளில் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ இருந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 2009இல் 4,109 பாதசாரிகள் இறந்தார்கள். 2022இல் 7,500க்கும் மேல். எல்லாவற்றுக்கும் முகப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன், இருட்டும் அகலச் சாலைகளும் வேகமும் உண்டு. ஆனால் அந்த நாட்டில் பாதசாரியின் தலைக்கென்று காரில் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கும் வரைவே 2024இல்தான் வந்தது.

இந்தச் சட்டங்களுக்கும் ஒரு கண்மறைவு உண்டு. டேப் 1 மீட்டரில் தொடங்குகிறது என்றேன் அல்லவா? முகப்பு அதைவிட உயரமாக இருந்தால் சட்டச் சோதனை பானெட்டின் விளிம்புக்கு மேலிருந்துதான் தொடங்கும். செங்குத்துச் சுவரின் மேல் சட்டம் தலையை எறிந்து பார்ப்பதில்லை.

இவ்வளவு எழுதியவன் எந்தக் காரில் போகிறான் என்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். இடிபட்ட முழங்கால் சரியாகவே மடங்கவில்லை. தாழ்ந்த காரில் உட்கார்ந்து எழுவது பெரும்பாடு. கொஞ்சம் உயரமான இருக்கை நல்லது என்று டாக்டரும் சொன்னார். போன வருடம் வாங்கினோம். ஏறி உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கிறது, மறைக்க மாட்டேன். வலி இல்லாமல் இறங்குகிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோதுதான் டேப்பை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். ஐந்து வயது மகள் கூடவே வந்தாள்.

"என்னப்பா அளக்கறீங்க?"

"உயரம்மா."

"காரோடதா, என்னோடதா?"

ரெண்டும்தான் என்றேன். பானெட்டின் விளிம்பு 104 சென்டிமீட்டர். அவளைக் காரோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். குதிகாலைத் தூக்கினாள், தூக்கக் கூடாது என்றேன். 107. நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கார் காலியான இடத்தைப் பார்த்து நிற்பது போலத்தான் இருந்தது. "தெரியறேனா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. கையைத் தூக்கு என்றேன், ஐந்து விரல்கள் தெரிந்தன. இறங்கி வந்து டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே அவள் தலை இரண்டு விரல்.